மதாமும் கீழ்வீட்டுக்காரர்களும்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்து அறையை வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். முதலில் ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு குழாயைத் திறந்து பார்ப்பார்கள். அப்புறம் ஜன்னலைத் திறப்பார்கள். திறந்ததும், "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றோங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனால் போனதுதான். ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்லறை இருந்தது.

தாத்தா மில்லில் வேலை பார்த்து முதலியார்பேட்டையில் வாங்கிய மனை அது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் யாரோ ஒரு துரையின் தோட்டமாம். மனையோடு ஒரு கிணறும் ஒரு கொடுக்காப்புளி மரமும் இந்தக் கல்லறையும் வந்தன. கிணறு தூர்ந்துபோனது, மரம் புயலில் விழுந்தது, கல்லறை மட்டும் அசையவில்லை. உள்ளே யார் என்று யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது மிச்சம் இருப்பதை அம்மா அதன்மேலும் அடித்துவிடுவாள். எழுத்து ஏதாவது இருந்திருந்தால் அது எத்தனையோ பொங்கலுக்கு அடியில் போய்விட்டது. கோடையில் அதன்மேல் கூழ்வத்தல் காயவைப்போம். வாடகைக்கு வருகிறவர்களிடம் அம்மா இதைப் பெருமையாகத்தான் சொல்வாள்: "நல்லா சமமா இருக்கும்மா, நீங்களும் வத்தல் போட்டுக்கலாம்." அதைக் கேட்ட பிறகு அவர்கள் இன்னும் வேகமாகப் போவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் மதாம் வந்தார். மதாம் என்றதும் வெள்ளைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல கருப்பு, குள்ளம், பூப்போட்ட நைலக்ஸ் புடவை, கக்கத்தில் ஒரு நீள ரொட்டி. பாண்டியில் பிறந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தாவைக் கட்டிக்கொண்டு பாரீஸுக்குப் போனவர். புருஷன் செத்த பிறகு ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். தெருவில் எல்லோரும் மதாம் என்றார்கள், நாங்களும் மதாம் என்றோம். பேர் என்ன என்று கேட்கத் தோன்றவே இல்லை.

ஃபேனைப் பார்க்கவில்லை, குழாயைத் திறக்கவில்லை. நேராக ஜன்னலைத் திறந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தே விட்டார்.

"செ போன். இது போதும்."

என் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "அங்க ஒரு கல்லறை இருக்குது மதாம். சரியா பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. அதுக்குத்தான் எடுத்துக்கறேன். இவங்கள மாதிரி அண்டை வீட்டுக்காரங்க கெடைக்கமாட்டாங்க. டிவிய சத்தமா வைக்கமாட்டாங்க. மீன் கழுவின தண்ணிய இந்தப் பக்கம் ஊத்தமாட்டாங்க. பொண்ணுக்கு எப்போ கல்யாணம்னு கேக்கமாட்டாங்க."

கடைசியாகச் சொன்னதில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும் வேலை எனக்கு. படுத்திருக்கிற நோயாளிகூட நெஞ்சில் ஒயர் மாட்டிக்கொண்டே "பாப்பாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்கிற காலம் அது.

மதாமுக்கு இந்த ருசி எங்கிருந்து வந்தது என்றால், பாரீஸிலிருந்து. அங்கே அவருக்கு ஒரு பெரிய கட்டடத்தில் காவல்காரி வேலை. படி கூட்டுவது, தபால் பிரித்து வைப்பது, குப்பைத் தொட்டியை வெளியே தள்ளுவது, குடியிருப்பவர்களின் சண்டையைத் தீர்ப்பது. அந்தக் கட்டடத்தின் முற்றத்தில், நாலு பக்கமும் மாடிவீடுகள் சூழ்ந்திருக்க, யூதர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருந்ததாம். சின்ன இடம். ராஜா காலத்தது. கேட் எப்போதும் பூட்டியிருக்கும். எப்போதாவது ஒரு பெரியவர் சாவியோடு வந்து திறப்பார். மதாமின் சமையலறை ஜன்னல் சரியாக அதற்கு நேர் மேலே.

அந்தக் கல்லறைத் தோட்டத்தின் கதையை அவர் சொல்லாத நாளில்லை. இட்லிக்கு மாவு கரைக்கும்போது சொல்வார். பால்காரனிடம் சொல்வார். கேபிள் டிவி பையன் பணம் வாங்க வந்தால் உட்காரவைத்துச் சொல்வார்.

"அந்தக் காலத்துல பாரீஸ்ல யூதங்க செத்தா பொதைக்க ஒரு மொழம் மண்ணு கெடையாது. நம்மூர்லயாவது சாதிக்கு ஒரு மூலைன்னு ஒதுக்கிவுட்டானுங்க. அவங்களுக்கு அந்த மூலையும் கெடையாது. ஊருக்கு வெளிய ஒருத்தன் சத்திரம் வச்சிருந்தான். மாடு குதிரையெல்லாம் தோல் உரிச்சு விக்கிறவன். அவன் என்ன பண்ணான், காசு குடுத்தா எந்தோட்டத்துல பொதைச்சுக்கோன்னுட்டான். பாட்டு கூடாது, அழுவ கூடாது, இருட்டின பொறவு வந்துட்டு சத்தம் போடாம போயிடணும். அதுவும் எப்படி? தோல் உரிச்ச குதிரையும் அங்கதான், மாடும் அங்கதான், மனுசனும் அங்கதான். தோட்டம் அவனுது, யாரு கேக்கறது?"

இந்த இடத்தில் ஒரு மூச்சு விடுவார். கேட்கிறவர் "அப்புறம்?" என்று கேட்டாக வேண்டும். கேபிள் பையன் கேட்கத் தெரியாமல் விழித்தால், "அப்புறம்னு கேளுடா" என்பார்.

"அப்புறம் ஒரு நல்ல மனுசன் வந்தாரு. ஊமைப் புள்ளைங்களுக்குப் பேச சொல்லிக் குடுக்கிற வாத்தியார். அவரும் யூதர்தான். ராஜா வீட்டுல நல்ல பேரு. அவரு பக்கத்து மண்ண வெலைக்கு வாங்கி, உத்தரவு வாங்கி, இனிமே எங்க ஜனம் எங்க மண்ணுல தூங்கும்னு ஏற்பாடு பண்ணாரு. அவரு செத்ததும் அங்கயே பொதைச்சாங்க. வெச்சாங்க இல்ல? அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?" இப்போது மதாமின் குரல் ஏறும். "பேரப்புள்ளைங்க பெரிய பணக்காரனுங்க ஆயிட்டானுங்க. தாத்தாவ நல்ல எடத்துல வைக்கிறோம்னு தோண்டி எடுத்து வேற கல்லறைக்குக் கொண்டுபோயிட்டானுங்க! எடம் வாங்கிக் குடுத்தவரையே காலி பண்ணவச்சுட்டானுங்கடா!"

சொல்லிவிட்டு, நேற்றுத்தான் நடந்தது போல முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வார். கேபிள் பையன் அந்த மாசப் பணத்தைக் கேட்காமலே போய்விடுவான்.

அத்தனை வருஷம் கட்டடத்தைக் காவல் காத்ததில் மதாமுக்கு ஒரு சட்டம் மனதில் ஊறிவிட்டது. பூமிக்கு மேலே இருப்பவர்கள் மேல்வீட்டுக்காரர்கள். அடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரர்கள். இரண்டு பேருக்கும் ஒரே உரிமை, இன்னும் சொல்லப்போனால் முதலில் வந்தவருக்கு ஒரு படி அதிகம். எங்கள் வீட்டிலும் அதே சட்டம் அமலுக்கு வந்தது. காலையில் ஜன்னலைத் திறந்ததும் கல்லறைக்கு ஒரு போன்ழூர், பிரெஞ்சு வணக்கம். என் அண்ணன் குளிக்கும்போது பாட்டைச் சத்தமாக வைத்தால், "தம்பி, கீழ்வீட்டுல தூங்கறாங்க!" என்று குரல் வரும். அண்ணன் ஏசி மெக்கானிக். கம்ப்ரசர் சத்தத்தில் பாதிக் காது போனவன். அவன் பதிலுக்கு, "யாரு வந்திருக்காங்க?" என்று கத்துவான்.

வத்தல் விஷயத்தில்தான் அம்மாவுக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது.

"அவங்க தலைமேல வத்தல் காயவைக்கிறீங்களே, ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"யார கேக்கணும்?" என்றாள் அம்மா.

"கீழ்வீட்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். இவரை உன் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போக முடியுமா என்பது போலப் பார்த்தாள். ஆனால் ஒரு மாசம் கழித்து நான் டூட்டி முடிந்து வரும்போது, தட்டும் கையுமாக அம்மா கல்லறையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "தோ, இன்னைக்குத் தக்காளி வத்தல். வெயில் போறதுக்குள்ள எடுத்துடறேன்." என்னைப் பார்த்ததும் காக்காவை விரட்டுவது போல நடித்தாள்.

இன்னொரு பழக்கம் கல் வைப்பது. சாவியோடு வருகிற அந்தப் பாரீஸ் பெரியவர் ஒவ்வொரு கல்லறைமேலும் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போவாராம். யூதர்கள் வழக்கம் அது. பூ வாடிவிடும், கல் கிடக்கும், யாரோ வந்துபோனார்கள் என்று சொல்லும். மதாம் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவில் கூழாங்கல்லுக்கு எங்கே போவது? எதிர்வீட்டுக்காரர் மாடி கட்டக் கொட்டியிருந்த ஜல்லியில் தினமும் ஒன்றை எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் பயந்த சுபாவம். வந்து கேட்டேவிட்டார்.

"உங்க வீட்டுல ஒரு கல்லு கொறைஞ்சா மாடி விழுந்துடுமா?" என்றார் மதாம்.

எதிர்வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே இஞ்சினியருக்குப் போன் போட்டு, விழுமா என்று கேட்டாராம்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. மதாமின் அம்மா அப்பா டவுன் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். நான் மெழுகுவத்தியும் சாமந்தியும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு கட்டைப்பை நிறைய ஜல்லியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அப்பாவுக்கு வைத்தார். பக்கத்தில் இருந்தவருக்கு வைத்தார். யாரும் வராத பழைய கல்லறைகளைத் தேடித் தேடி வைத்தார். எனக்குக் கால் வலித்தது, நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ ஒரு புண்ணியவான், கல் வைத்திருப்பது முனிசிபாலிட்டி அடையாளம், கல் வைத்த கல்லறையை எல்லாம் எடுத்துவிட்டு ரோடு போடப்போகிறார்கள் என்று கிளப்பிவிட்டான். அவ்வளவுதான். பூ வைத்துக்கொண்டிருந்த ஜனம் பூவைப் போட்டுவிட்டு ஓடியது. அவரவர் தாத்தா தலைமேல் இருந்த கல்லை எடுத்தார்கள். எடுத்ததைக் கீழே போடக்கூடாதா? போடவில்லை. பக்கத்துக் குடும்பத்துத் தாத்தா தலையில் வைத்தார்கள். அந்தக் குடும்பம் பார்த்துவிட்டு அதை எடுத்து அடுத்த வரிசையில் வைத்தது. "எங்க மாமா மேல ஏன்டா வைக்கிற?" "உங்க மாமா உயிரோட இருக்கும்போதே ரோட்டுலதானே கெடந்தாரு!" ஒரே அடிதடி. சாமியார் வந்து ஜெபத்தை மைக்கில் ஆரம்பித்த பிறகும் கற்கள் கைமாறிக்கொண்டே இருந்தன.

மதாம் காலிப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணில் தண்ணீர்.

"பாருடி, நான் ஒருத்திதான் வச்சேன். இப்போ எல்லாரும் வைக்கிறாங்க!"

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்த கதையில் அண்ணன் கல்யாணம் குறுக்கே வந்தது. அண்ணனுக்கு அப்போது முப்பத்தொன்பது. முன்மண்டை முழுக்க வெளிச்சம். பார்த்த பெண்வீட்டார் எல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். ஒருவழியாகக் கதிர்காமத்தில் ஓர் இடம் அமைந்தது. பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அண்ணனைப் பார்த்தும் சரி என்று சொன்ன முதல் பெண். அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தான்.

பெண்ணின் அம்மா வீடு பார்க்க வந்தார். கூடவே அவர் தம்பி, அதாவது பெண்ணுக்குத் தாய்மாமன். முன்பக்கம் எல்லாம் திருப்தி. பின்பக்கம் வந்தார்கள். கூழ்வத்தலுக்கு அடியில் இருப்பது என்ன என்று கேட்டார்கள். என் அம்மா சொன்னாள்.

"எங்க பொண்ணு கல்லறைக்குப் பக்கத்துல குடித்தனம் பண்ணாது" என்றார் பெண்ணின் அம்மா. "அத எடுத்துடுங்க. அந்த எடத்துல ஒரு அட்டாச்டு பாத்ரூம் கட்டிடுங்க. கட்டினா தட்டு மாத்திக்கலாம். இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க."

எடுப்பதில் அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்த வாரமே மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார். பின்பக்கம் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அங்க ஒரு ஆயா சேர் போட்டு உக்காந்திருக்குதுங்க."

போய்ப் பார்த்தோம். கல்லறைக்கும் சுவருக்கும் நடுவில் மதாம். குடை பிடித்திருந்தார். மடியில் ரொட்டி, பக்கத்தில் தண்ணீர்பாட்டில். நீண்ட போராட்டத்துக்குத் தயாராக வந்திருந்தார்.

"குடியிருக்கறவங்களுக்கு நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"யாருக்கு மதாம்?"

"கீழ்வீட்டுக்கு. பிரான்ஸ்ல பனிக்காலத்துல எவனையும் வீட்ட விட்டுத் தொரத்தக் கூடாது. வாடகை குடுக்காதவனா இருந்தாலும் கூடாது. அது சட்டம்."

"இது சித்திரை மாசம் மதாம்!" என்றாள் அம்மா.

"கத்திரி வெயிலுக்கும் அதே கணக்குதான்."

அம்மா கெஞ்சினாள். நல்ல இடமாகப் பார்த்து, பூப்போட்டு, மரியாதையாக வைக்கிறோம் என்றாள். சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டாள். "அந்த வாத்தியாரையும் நல்ல எடம்னு சொல்லித்தான் எடுத்தானுங்க!" என்று மதாம் பொங்கிவிட்டார். "எடுங்க. எடுத்த அன்னைக்கே நானும் ரூம காலி பண்ணிட்டுப் போறேன். சும்மா படுத்திருக்கறவங்களுக்கே இந்த வீட்டுல எடமில்லன்னா, நடமாடறவளுக்கு எங்க எடம் இருக்கப்போவுது?"

மேஸ்திரி எங்கள் முகத்தைப் பார்த்தார், மதாமின் முகத்தைப் பார்த்தார், வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று மதாம் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை. சாயங்காலம் அண்ணன் போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"மதாம், எனக்கு வயசாயிடுச்சு. இந்தப் பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு. அதுக்கும் என்னப் புடிச்சிருக்குன்னு சொல்லுது, ஏன்னு தெரியல. இதுவும் போச்சுன்னா நானும் இங்கயே பக்கத்துல படுத்துக்க வேண்டியதுதான்."

"படுக்கறதுன்னா தாராளமா படு, எடம் இருக்கு" என்றார் மதாம் பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் அழுதுகொண்டிருந்தான். மதாம் குடையை மடக்கினார். அவன் வழுக்கைத்தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு இரண்டு பேர்மேலும் பாவமாக இருந்தது. இருவருக்கும் நடுவில், யாரென்றே தெரியாத ஒருவர் நிம்மதியாகப் படுத்திருந்தார், அவர்மேல் மட்டும் கோபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண்வீட்டார் வேலை நடக்கிறதா என்று பார்க்க வந்தார்கள். இந்த முறை பெண்ணும் வந்திருந்தாள். கல்லறை அப்படியே இருப்பதைப் பார்த்ததும் அவள் அம்மாவின் முகம் சிறுத்துவிட்டது.

"உள்ள இருக்கறது ஆம்பளையா பொம்பளையா, அதையாவது சொல்லுங்க. கல்யாணம் ஆகாத பொண்ணா இருந்தா குடும்பத்துக்கே ஆகாது."

"கல்லு மேல எழுதியிருக்குமே" என்றார் தாய்மாமன். "சொரண்டிப் பாருங்க. பிரெஞ்சா இருந்தா நானே படிச்சுடுவேன். நான் அந்தக் காலத்துல பிரெஞ்சு படிச்சவன்."

தேங்காய்நாரும் தண்ணீரும் கொண்டுவந்தோம். அண்ணன் தேய்த்தான். ஒவ்வொரு பொங்கலாக உரிந்து வந்தது. வெள்ளைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் காவி, அதற்கும் அடியில் கருங்கல். கல்லில் எழுத்துகள். தாய்மாமன் குனிந்தார். நெற்றியைச் சுருக்கினார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"பழைய பிரெஞ்சு" என்றார். "மதாமே படிக்கட்டும்."

மதாம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். உதடு மட்டும் அசைந்தது. ஒருதரம் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். மதாம் நிமிர்ந்தார். அண்ணனைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பெண்ணின் அம்மாவைப் பார்த்தார்.

"நாய்" என்றார்.

"என்னது?"

"நாய்மா. துரை வளத்த நாய். பேரு பிஜூ. ரொம்ப நல்ல நாயாம். யாரையும் கடிக்காதாம்."

"ஆமா ஆமா!" என்று தாய்மாமன் பாய்ந்து வந்து ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினார். "நாய்தான். தோ, இங்க தெளிவா போட்டிருக்கான். எனக்கு அப்பவே டவுட்டு."

என் அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக ஒரு நாயிடம் உத்தரவு கேட்டு வத்தல் போட்டிருக்கிறாள். பெண்ணின் அம்மாவுக்கு உயிர் வந்தது. "பேயி பிசாசு ஒண்ணும் கெடையாது, வெறும் நாயிதானா! அப்ப எடுக்கறதுல என்ன கஷ்டம்? இன்னைக்கே எடுத்துடலாமே."

மதாமின் முகம் செத்துவிட்டது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். "நாயா இருந்தாலும்..." என்று ஆரம்பித்தார்.

அதுவரைக்கும் வாயே திறக்காமல் இருந்த பெண் குறுக்கே வந்தாள்.

"எடுக்க வேணாம்மா. ஒரு நாய்க்கு எடம் குடுத்து, இவ்ளோ வருசம் வெள்ளையடிச்சு வச்சுப் பாத்துக்கிட்ட வீடு. இந்த வீட்டுல மருமகளுக்கு எடமில்லாமயா போயிடும்? பாத்ரூம முன்பக்கம் கட்டிக்கட்டும்."

டீச்சர் சொன்னால் சொன்னதுதான், அவள் அம்மாவே வாயை மூடிக்கொண்டார். அண்ணன் தேங்காய்நாரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது. பாத்ரூம் முன்பக்கம் கட்டினார்கள். அதற்கு என் அறையில் பாதி போயிற்று. எனக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, மதாமுக்குக்கூட.

அண்ணி வந்த மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் ஆரம்பமாயிற்று. சாயங்காலம் டீ குடிக்கும்போது ஒரு பொறையை எடுத்துக்கொண்டு போய்க் கல்லறைமேல் வைத்து, "பிஜூ, சாப்டு" என்று சொல்லிவிட்டு வருவாள். காக்காய் தின்றுவிட்டுப் போகும். அவள் அதைச் செய்யும்போதெல்லாம் மதாம் ஜன்னலில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வார். நாயின்மேல் அவ்வளவு பாசமா என்று நான் உருகிப்போவேன்.

சில வருஷத்தில் அவருக்கு முட்டி முடியாமல் போயிற்று. பாரீஸில் இருந்த மகள் வந்து கையோடு கூட்டிப்போக ஏற்பாடு செய்தாள். கார் வந்து வாசலில் நின்றது. மதாம் என்னை மட்டும் பின் அறைக்குக் கூப்பிட்டு ஜன்னலைத் திறந்தார்.

"அது நாய் இல்லடி."

"என்ன மதாம்?"

"மாமியார். துரையோட மாமியார். 'என்னைப் பெற்ற தாயைவிட மேலான என் மாமியார்'னு கல்லுல எழுதி வச்சிருக்கான்."

"அப்போ பிஜூ?"

"அது எங்க கட்டடத்துல மூணாவது மாடியில இருந்த நாய். சனியன், எல்லாரையும் கடிக்கும்." தோளைக் குலுக்கினார். "பொண்ணு குடுக்க வந்தவங்ககிட்டப் போயி, இந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு மாமியார் நெரந்தரமா தங்கியிருக்காங்கன்னு சொல்ல முடியுமா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணச் சொன்னாங்க. நான் ஒண்ணுதான் சொன்னேன்."

"அண்ணியோட மாமா பிரெஞ்சு படிச்சவராச்சே?"

"அவரு படிச்ச பிரெஞ்சு எனக்கு அவரு குனிஞ்சப்பவே தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு சொல்றேன் கேளு. பெத்தவளவிட மாமியார் ஒசத்தின்னு ஒருத்தன் கல்லுல வெட்டி வச்சிருக்கான்னு நான் படிச்சிருந்தா யாராவது நம்பியிருப்பாங்களா? நாய்னா நம்பறாங்க."

என் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

போன வருஷம் மதாமின் மகள் பாரீஸிலிருந்து போனில் சொன்னாள், அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். அங்கே பொதுக் கல்லறையில் எல்லாம் குத்தகைதானாம். தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டுமாம், இல்லையென்றால் எடுத்துவிடுவார்களாம். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. ஊரில் உள்ள பிணங்களுக்கு எல்லாம் வக்காலத்து வாங்கினவளுக்குக் குத்தகை இடமா? "மறக்காம புதுப்பிச்சுடுங்க, உங்களால முடியலன்னா என்கிட்ட சொல்லுங்க" என்று அந்தப் பெண்ணிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாவம், துக்கத்தில் இருந்தவளை மிரட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் மனசு தாங்கவில்லை. அண்ணி வழக்கம்போலப் பொறையோடு பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணி பொறையைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தபடி நின்றாள். எத்தனை வருஷமாக ஒரு பெரிய மனுஷிக்கு நாய்ச்சாப்பாடு போட்டிருக்கிறோம் என்று நினைத்து அழப்போகிறாள் என்று பயந்தேன். உள்ளேயிருந்து அம்மா, "டீயில இன்னைக்கும் சக்கரை பத்தல!" என்று சத்தம் போட்டாள்.

அண்ணி பொறையை இரண்டாக உடைத்து ஒரு பாதியைத் தான் தின்றாள். மறுபாதியைக் கல்லறைமேல் வைத்தாள்.

"நாளையிலேர்ந்து இவங்களுக்கும் ஒரு டம்ளர் டீ வச்சுடறேன்" என்றாள். "எப்படிப் போட்டுக் குடுத்தாலும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."